எண்ணெய்த் துளிக்கு எடை உண்டு

விடைத்தாள் கட்டுகளை அவிழ்த்துச் சிவப்புப் பேனாவால் திருத்தும் வேலை இனி இருக்காதாம். தாள்களைப் படம் பிடித்துக் கணினித் திரையில் காட்டுவார்களாம். ஆசிரியர் இருந்த இடத்திலிருந்தே மதிப்பெண்ணைத் தட்டினால் போதுமாம். தென்காசியில் நான் பணியாற்றி ஓய்வுபெற்ற பள்ளியின் இளைய ஆசிரியர்கள் சென்ற வாரம் என் வீட்டுக்கு வந்து இந்தச் செய்தியைச் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒரு வேண்டுகோளும் வைத்தார்கள். "சார், நீங்க மேடையில பேசுதவுக. பேனா பிடிச்சுத் திருத்துன காலத்தப் பத்தி ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தாங்க. படிச்சா ரத்தம் சூடேறணும்."

சூடேற்ற எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன். அதைக் காட்டிலும் நெடுங்காலம் மேடைகளில் முழங்கியவன். ஆயினும் எழுத உட்கார்ந்தபோது என் முன் வந்து நின்றது ஒரே ஒரு கணக்கு. மின்னூட்டம் பெற்ற எண்ணெய்த் துளி ஒன்று இரண்டு தகடுகளுக்கு இடையே கீழிருந்து மேலே செல்கிறது. மேல் தகட்டை அடையும்போது அதன் இயக்க ஆற்றல் எவ்வளவு? ஐந்து மதிப்பெண். என் பணிக்காலத்தைப் பற்றி உண்மையாக எதையேனும் சொல்ல வேண்டுமென்றால் அந்த ஐந்து மதிப்பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

பிறந்தது கீழப்பாவூர். எட்டாம் வகுப்பில் முதன்முதலாக ஒலிபெருக்கியின் முன் நின்றேன்; என் குரல் ஊர்க்கோடிவரை சென்று திரும்பியதைக் கேட்டேன்; அன்றோடு என் நெஞ்சு நிமிர்ந்தது. கல்லூரியில் சொற்போர்க் கோப்பைகள் வந்து குவிந்தன. எந்த அணியில் நிறுத்தினாலும் வென்றேன். எதிரணியின் வாதத்தில் ஓட்டை இருந்தால் அதைக் காட்டினேன். இல்லாவிட்டால் உவமை ஒன்றைச் சொல்லி அவையைச் சிரிக்க வைத்தேன். சிரித்த அவை எதிரணிக்குத் திரும்பாது. இடையில் இயற்பியலில் முதுகலைப் பட்டமும் கல்வியியல் பட்டமும் பெற்றேன். தென்காசிப் பள்ளியில் பணி கிடைத்தது.

பணியில் சேர்ந்த சில மாதங்களில் ஒரு நிகழ்ச்சி. தங்க இலை மின்காட்டியைக் கொண்டு நிலை மின்னூட்டத்தை வகுப்பில் செய்து காட்ட வேண்டும். ஆடி மாதம். மலையிலிருந்து இறங்கும் சாரல் காற்று ஆய்வகச் சன்னல் வழியே நுழைந்து கண்ணாடிக் குடுவைகளின் மேல் பனிபோல் ஈரம் படிந்திருந்தது. கண்ணாடிக் கோலைப் பட்டுத் துணியில் தேய்த்துத் தேய்த்து என் தோள் வலித்தது; தங்க இலை அசையவில்லை. ஈரக் காற்றில் மின்னூட்டம் நில்லாது கசிந்துவிடும் என்பதை ஒரே வரியில் சொல்லி, அடுப்பில் காய்ந்த துணியைக் கொண்டு மறுநாள் செய்து காட்டியிருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. இயற்கையின் மறைபொருள் குறித்து முக்கால் மணி நேரம் பேசினேன். மாணவர்கள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். பின்வரிசையில் நின்று பார்த்த கோமதிநாயகம், என்னோடு அதே பள்ளியில் இயற்பியல் கற்பித்தவர், வெளியே வந்ததும் என் தோளைத் தட்டினார்.

"வே, மின்காட்டி வேல செய்யல. நீரு வேல செஞ்சிட்டீரு."

அதைப் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

சில ஆண்டுகள் சென்றன. எங்கள் பகுதியில் ஓர் அறக்கட்டளை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஏழைப் பிள்ளைகளுக்காக ஆண்டுதோறும் ஒரு தேர்வு நடத்தி வந்தது. தேர்வில் முதலில் வரும் இருபது பேருக்கு வெளியூர்க் கல்லூரியில் விடுதியோடு இடம். படித்து முடிக்கும்வரை வீட்டுக்குச் சுமையில்லை. இருபதுக்குப் பின் வருவோர்க்கு எதுவும் இல்லை. இயற்பியல் தாளைத் திருத்த எங்களில் பன்னிரண்டு பேரைக் குற்றாலத்தில் அறக்கட்டளைக்குச் சொந்தமான சத்திரத்துக்கு அழைத்தார்கள். மூன்று நாள் திருத்தம். நான்காம் நாள் நண்பகலில் மதிப்பெண் பட்டியல் அறக்கட்டளைக்குச் செல்ல வேண்டும்.

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு அழைத்தால் எந்த ஆசிரியர் மறுப்பார்? அதிகாலையில் அருவியில் நின்று, எண்ணெய் தேய்த்த உடம்பில் பசி கிளம்ப, இட்டிலியை ஒரு கை பார்த்துவிட்டுச் சத்திரத்துக்கு வருவோம். வாசலில் சங்கரபாண்டியன் ஐயா நிற்பார்.

முகாமின் தலைவர் அவர்தாம். தலைமையாசிரியராக இருந்தவர், ஒல்லியான உடம்பு, ஓங்காத குரல். தோளில் ஒரு துண்டும், பக்கத்து நாற்காலியில் மடித்து அடுக்கிய பத்துத் துண்டுகளும் இருக்கும். உள்ளே நுழையும் ஒவ்வொருவரின் தலையையும் பார்ப்பார். ஈரம் தெரிந்தால் ஒரு துண்டை நீட்டுவார்.

"தொவட்டிட்டு வாரும். பிள்ளைய எழுதுனது நனையப்பிடாது."

மேற்குச் சன்னல்கள் மூன்றும் சாத்தியே இருக்க வேண்டும். ஈரத்தில் மை ஊறும் என்பதால் பந்துமுனைப் பேனா மட்டும். கட்டு ஒன்றுக்கு இருபத்தைந்து தாள். பெயர் எழுதிய முகப்பைக் கிழித்தெடுத்து வேறோர் அறையில் பூட்டியிருப்பார்கள். நம் கைக்கு வரும் தாளில் எண் மட்டும் இருக்கும். எழுதாத பக்கங்களில் குறுக்குக் கோடு. மதிப்பெண்ணைத் திருத்தினால் பக்கத்தில் இருவர் கையொப்பம். மாலை ஆறு மணி ஆனதும் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். விளக்கு வெளிச்சத்தில் ஒரு தாளையும் திருத்த விட மாட்டார். "மஞ்ச வெளிச்சத்துல ஏழும் ஒண்ணும் ஒண்ணு போல தெரியும்" என்பார்.

அவர் கையில் ஒரு பதிவேடு உண்டு. விடைக்குறிப்பில் ஐயம் எழுந்தால், ஐயம் கொண்டவருக்கும் மறுப்பவருக்கும் ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுப்பார். பிறகு கை உயர்த்தச் சொல்வார். வென்ற முடிவைப் பதிவேட்டில் எழுதி, அதற்காக வாதாடியவரிடமே கையொப்பம் வாங்குவார். அதன்பின் அந்த முடிவை எவரும் மறுபடி கிளறக் கூடாது. கையொப்பமிட்டவர் தாமே எழுந்து அது பிழை என்று சொன்னாலொழிய. "நான் செடி கொடி படிச்சவன். ஒங்க கணக்கு எனக்குத் தெரியாது. ஆனா யாரு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியணும்" என்பது அவர் சொல்லும் காரணம்.

முதல் நாள் காலை விடைக்குறிப்பைப் படித்தோம். பதினேழாம் கேள்வி நம் எண்ணெய்த் துளி. காற்றில்லாத வெளியில் படுக்கைவாட்டில் இரண்டு தகடுகள். இடைவெளி இரண்டு சென்டிமீட்டர். மின்னழுத்த வேறுபாடு எண்ணூறு வோல்ட். துளியின் நிறையும் மின்னூட்டமும் கொடுக்கப்பட்டிருந்தன. கீழ்த் தகட்டிலிருந்து ஓய்வுநிலையில் புறப்படுகிறது. குறிப்பில் கண்ட விடை: மின்னூட்டத்தை மின்னழுத்தத்தால் பெருக்கு, வருவதே இயக்க ஆற்றல். அவ்வளவுதான்.

செங்கோட்டையிலிருந்து வந்த பிலோமினாள் டீச்சர் எழுந்தார். அவர் அதிகம் பேசாதவர்; எழுந்ததே வியப்பு.

"ஐயா, துளி மேல போகுது. பூமி கீழ இழுக்குதுல்லா? அந்த வேலையக் கழிக்கணும். குறிப்புல அது இல்ல."

மறுப்பவர் யார் என்று ஐயா கேட்டார். நான் எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன்? குறிப்பு சரி என்று ஆராய்ந்து தெளிந்தா? இல்லை. எதிரே ஓர் அணி நின்றது. இப்பக்கம் காலியாக இருந்தது. என் கால்களுக்கு அது போதும்.

அன்று பேசியதை இன்றும் ஒரு சொல் பிசகாமல் சொல்வேன். எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடையிலுள்ள மின்விசையின் முன் அவற்றின் ஈர்ப்பு விசை எத்துணை அற்பமானது என்பதை எடுத்துரைத்தேன். அற்பத்திற்கு எத்தனை சுழியம் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். பிறகு குரலைத் தாழ்த்தினேன். "அவையீரே, காலையில் பேரருவியின் கீழ் நின்றீர்கள். தலையில் அருவி விழும்போது தோளில் விழும் சாரல் துளியை எவரேனும் கணக்கு வைத்தீர்களா?" சத்திரம் சிரிப்பால் அதிர்ந்தது. சிரிப்பு அடங்குமுன் முடிப்புரையை ஏற்றினேன்: "மின்புலம் பேசும் அவையில் எடைக்குக் குரல் இல்லை!"

கைதட்டல். அவ்வரி புதிதன்று, என் வகுப்பறையில் ஆண்டுதோறும் முழங்கி மெருகேறிய வரி.

பிலோமினாள் டீச்சர் தமக்குரிய ஐந்து நிமிடத்தில் அரை நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். "சார் நல்லா பேசுனாங்க. ஆனா இது எலக்ட்ரான் இல்ல, எண்ணெய்த் துளி. ஒரு தடவ போட்டுப் பாத்துருங்க." உட்கார்ந்துவிட்டார். பத்துக் கைகள் எனக்கு. இரண்டு கைகள் அவருக்கு. அந்த இரண்டில் ஒன்று அவருடையது; மற்றொன்று கோமதிநாயகத்துடையது. என்னை எதிர்த்து ஏன் கை தூக்கினீர் என்று அவரிடம் சினந்து கேட்டேன்.

"நீரு பேசி முடிச்சதும் எனக்கு என்னமோ தங்க இல ஞாபகம் வந்துது வே."

ஐயா பதிவேட்டை நீட்டினார். என் கையொப்பம் மேடையில் பொன்னாடை வாங்குபவன் இடுவதுபோல் நீண்டு விழுந்தது. எடையைச் சேர்த்துக் கணக்கிட்ட பிள்ளைக்கு ஐந்தில் இரண்டு. சேர்க்காத பிள்ளைக்கு ஐந்துக்கு ஐந்து. இதுவே முடிவு.

இரண்டாம் நாள் பிற்பகல். பன்னிரண்டு மேசையிலும் பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. என் கைக்கு ஒரு தாள் வந்தது. நீல மை, சற்றே இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. யார் என்று தெரியாது. பதினேழாம் கேள்விக்கு அந்தப் பிள்ளை ஒரு துளியை வரைந்து, மேலே ஓர் அம்பும் கீழே ஓர் அம்பும் போட்டிருந்தது. மேலம்பு கீழம்பைப் போல் இருமடங்கு நீளம். அளவுகோல் வைத்து வரைந்திருக்க வேண்டும். கணக்கு அடித்தல் திருத்தல் இன்றிச் சென்று, கடைசியில் ஒரு வரி: "எடை மின்விசையில் பாதி. ஆகவே புறக்கணிக்க இயலாது."

முடிவின்படி "2" என்று போட்டேன். பேனா அடுத்த கேள்விக்குச் செல்லவில்லை. பாதி என்கிறதே, எதில் பாதி? கேள்வித்தாளை எடுத்தேன். அதன் ஓரத்தில், வாழ்க்கையில் முதன்முறையாக, அந்தக் கணக்கை எண் வைத்துப் போட்டேன். மின்னூட்டம் 8 × 10⁻¹⁹ கூலும். புலம் மீட்டருக்கு நாற்பதாயிரம் வோல்ட். மின்விசை 3.2 × 10⁻¹⁴ நியூட்டன். நிறை 1.6 × 10⁻¹⁵ கிலோகிராம், எடை 1.6 × 10⁻¹⁴ நியூட்டன். சரிபாதி. மின்புலம் செய்யும் வேலையில் பாதியை ஈர்ப்பு தின்றுவிடுகிறது. விடை நான் வெல்ல வைத்த விடையில் பாதி.

நான் எண்ணிக் காட்டிய சுழியங்கள் பொய்யல்ல. அவை இரண்டு நுண்துகள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் விசைக்குரியவை. இத்துளியை இழுப்பது இன்னொரு துகள் அன்று. பூமி முழுவதும் சேர்ந்து இழுக்கிறது. துளியும் எலக்ட்ரான் அன்று. கோடானுகோடி அணுக்களைச் சுமந்து, ஐந்தே எலக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கொண்டது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை பிடித்துவிடும் பிழை. பிடிக்க வேண்டிய நான் பேசிக்கொண்டிருந்தேன்.

மூன்று மேசை தள்ளி பிலோமினாள் டீச்சர் குனிந்து திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக, தாம் சரியென்று அறிந்த விடைக்கு என் கையொப்பத்தின் பேரில் இரண்டு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கிளற முடியாது. முகாமில் கிளறக்கூடியவன் ஒருவன்தான்.

ஐயாவின் மேசைக்குச் செல்லுமுன் மனத்துக்குள் ஓர் உரை தயாராகிவிட்டது. 'புதிய கோணத்தில் நோக்குங்கால்' என்று தொடங்கி, குறிப்பை எழுதியவர்மேல் பாதிப் பழியை இறக்கிவைத்து, என் நேர்மைக்கு அவையே கைதட்டும்படி முடியும் அழகான உரை. முதல் வாக்கியத்திலேயே ஐயா கையை உயர்த்தினார்.

"எத்தன வரியில சொல்லப் போறீரு?"

"ஐயா, பின்னணியைச் சொன்னால்தான்..."

"தப்பா, சரியா?"

"தப்பு."

"யாருது?"

"என்னுது."

"அத எழுதும்." பதிவேட்டைத் திறந்து என் கையொப்பத்தின் கீழே விரலை வைத்தார். எழுதினேன்: 'பதினேழாம் கேள்விக்கு என் வாதம் பிழை. எடையைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.' இரண்டு வரி. ஐயா அதைச் சத்தமாகப் படித்தார். பேனாக்கள் நின்றன. முன்மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வே, நேத்து கை தட்டுனோம்லா, அதத் திருப்பிக் குடும்!"

சத்திரம் மறுபடி சிரித்தது. இம்முறை அந்தச் சிரிப்பு என் காதில் சுட்டது. ஆனாலும் நின்றேன், உட்காரச் சொல்லும்வரை நின்றேன்.

அதன்பின் ஐயா முறையைச் சொன்னார். கையிலிருக்கும் கட்டையும் இனி வரும் தாள்களையும் எல்லோரும் புதிய முடிவின்படி திருத்துவர். அரக்கு வைத்து அடுக்கியிருந்த இருபத்தாறு கட்டுகளை மட்டும் நான் அவிழ்த்து, பதினேழாம் கேள்வியை மறுபடி திருத்த வேண்டும். மாறும் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் இரண்டாவது கையொப்பம் தேவை. நாளை விடிந்தது முதல் ஆறு மணிவரை, மறுநாள் பத்து மணிவரை. வேறு நேரம் கிடையாது.

"முடியுமா?" என்றார்.

"முடிக்கிறேன் ஐயா."

"ரெண்டாவது கையெழுத்து யாரு போடுதா?"

பிலோமினாள் டீச்சர் எழுந்து, தம் நாற்காலியை என் மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டார்.

மறுநாள் அருவிக்குச் செல்லவில்லை. வெளிச்சம் வந்ததும் ஐயா கதவைத் திறந்தார், என் தலையைப் பார்த்தார், காய்ந்திருந்தது, துண்டு நீட்டவில்லை. கோமதிநாயகம் தம் பங்குத் தாள்களுக்கு நடுவே வந்து வந்து கட்டு அவிழ்த்துக் கொடுத்தார். எடையைச் சேர்த்தவர்க்கு இரண்டை அடித்து ஐந்து, கையொப்பம், எதிர்க் கையொப்பம். எடையை விட்டவர்க்கு ஐந்தை அடித்து இரண்டு, கையொப்பம், எதிர்க் கையொப்பம். கூட்டுத்தொகையைத் திருத்து, கட்டு, அடுத்தது. ஏறிய தாள்கள் சில, இறங்கியவை பல. நண்பகலுக்குள் பதினோரு கட்டு முடிந்தது.

பன்னிரண்டாம் கட்டில் ஒரு தாளைப் புரட்டியதும் கை நின்றது. அதில் எழுதியிருந்தது: "மின்புலம் பேசும் அவையில் எடைக்குக் குரல் இல்லை! ஆகவே எடை புறக்கணிக்கப்படுகிறது."

என் வரி. என் வகுப்பு. முகப்பைக் கிழித்தெடுத்துப் பூட்டினால் என்ன? என் வாக்கியத்தை எனக்குத் தெரியாதா? அடுத்த தாளிலும் அதே வரி. அதற்கடுத்த தாளிலும். கேட்டதைக் கேட்டபடி நம்பி, ஆச்சரியக்குறி உட்பட எழுதி வைத்திருந்தார்கள். நான்காவது தாளில் விடையைச் சுற்றி ஒரு சதுரம். சதுரத்தின் மூலைகள் நான்கும் கூர்மையாக. அந்தச் சதுரத்தை இரண்டு ஆண்டுகள் திருத்தியிருக்கிறேன். இசக்கியம்மாள். எங்கள் ஊர்ப் பெண். தாய் பீடி சுற்றுகிறவர். பள்ளியில் முதல் மாணவி. இந்தத் தேர்வை எழுது என்று விண்ணப்பத்தை வாங்கிக் கொடுத்தவன் நான். மற்றக் கேள்விகளில் அவள் இழந்திருந்தது மிகக் குறைவு.

கோமதிநாயகம் என் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அவருக்கும் அந்த வரி தெரியும்.

"நம்ம பிள்ளைளா?" என்றார் மெதுவாக.

தலையாட்டினேன்.

"ஒண்ணு சொல்லுதேன், கேளும். எடையச் சேத்தவனுக்கும் அஞ்சு குடும். சேக்காதவனுக்கும் அஞ்சு குடும். குறிப்பே அப்படித்தான வந்துது? பிள்ளைய மேல என்ன தப்பு? யாருக்கும் மனவருத்தம் இல்ல."

எத்தனை பட்டிமன்றங்களில் நடுவராக இருந்து இரு அணியும் வென்றது என்று தீர்ப்புச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்! அந்தத் தீர்ப்பின் இனிமை எனக்குத் தெரியும். எதிரே பிலோமினாள் டீச்சரைப் பார்த்தேன். அவர் பேனாவை மூடியிருந்தார்.

"அந்த நீல மைத் தாளு, ரெண்டு அம்பு போட்ட பிள்ள, அதுக்கு என்ன சார் சொல்லுவீங்க? போட்டுப் பாத்த பிள்ளையும் பாக்காத பிள்ளையும் ஒண்ணுன்னா? இடம் இருபதுதான இருக்கு?" குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் நான் வாதாடியிருப்பேன். "ஒங்களுக்குக் கஷ்டமா இருந்தா இந்தக் கட்ட நான் திருத்துதேன்."

"வேண்டாம் டீச்சர். இது என் கட்டு."

ஐந்தை அடித்தேன். "2" என்று எழுதினேன். கையொப்பம் சிறிதாகவே விழுந்தது. தாளை அவர் பக்கம் தள்ளினேன். எதிர்க் கையொப்பம் இட்டார். அடுத்த தாள். மாலை ஆறுக்கு இருபது கட்டு. மறுநாள் ஒன்பதரைக்கு இருபத்தாறு. ஐயா ஒவ்வொரு கட்டிலும் நடுவிலிருந்து இரண்டு தாளை உருவிக் கூட்டிப் பார்த்தார், அரக்கு வைத்தார். என்னிடம் அவர் சொன்னது ஒன்றே: "சாப்பிட்டீரா?"

பத்து நாள் கழித்துப் பட்டியல் ஒட்டப்பட்டது. இருபது பேர், கீழே காத்திருப்போர் ஐவர், பக்கத்தில் மதிப்பெண். இசக்கியம்மாள் காத்திருப்போரில் இரண்டாவது. இருபதாம் இடத்துக்கும் அவளுக்கும் இடைவெளி இரண்டு. நான் குறைத்தது மூன்று.

அவளே வந்து கேட்கட்டும் என்று இருந்திருக்கலாம். கேட்டிருக்க மாட்டாள், ஏனென்றால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதனாலேயே அன்று மாலை கீழப்பாவூரில் அவள் வீட்டுக்குச் சென்றேன். தாய் மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தார், எழ முயன்றார், வேண்டாம் என்றேன். இசக்கியம்மாள் உள்ளிருந்து வந்தாள். அழுத முகம்; ஆனால் துடைத்திருந்தாள்.

"பதினேழாவது கேள்விக்கு உனக்கு முதல்ல அஞ்சு விழுந்திருந்தது. மூணக் குறைச்சது நான்தான்" என்றேன்.

"ஏன் சார்?"

"விடை தப்பு."

"நீங்க சொன்னதத்தான சார் எழுதுனேன்?"

"ஆமா. நான் சொன்னது தப்பு."

தாயின் கையில் சுற்றிய பீடி அப்படியே நின்றது. "சார், அப்ப இவ பேருல தப்பு இல்லல்லா? அங்கன போயி சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்.

"சொல்ல முடியாதும்மா. சரியா எழுதின பிள்ளைங்க இருக்காங்க. அந்த இடம் அவங்களுக்குத்தான்."

அவர் பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தார். இசக்கியம்மாள் உள்ளே சென்று கேள்வித்தாளையும் ஒரு நோட்டையும் எடுத்து வந்தாள். தரையில் உட்கார்ந்து, என்னிடம் எதுவும் கேட்காமல், தானே போட்டாள். மின்விசை. நின்றாள். எடை. மறுபடி நின்றாள். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்தாள். விடையைச் சுற்றிச் சதுரம் போடவில்லை. நிமிர்ந்தாள்.

"ஒரு வரிதான் சார் கூட. இந்த ஒரு வரியப் போடாமலா ரெண்டு வருசம் அம்புட்டு நேரம் பேசுனீங்க?"

நோட்டிலிருந்த அந்த ஒரு வரியைப் பார்த்தேன்.

"வாரப் பிள்ளைளுக்காவது மொதல்ல இதப் போட்டுக் காட்டுங்க. அதுக்கப்புறம் பேசுங்க" என்று நோட்டை மூடிக்கொண்டு உள்ளே சென்றாள்.

தென்காசியிலேயே ஒரு கல்லூரியில் கணிதம் சேர்ந்தாள். தினமும் பேருந்தில் போய் வந்தாள். மாலையில் தாயோடு சேர்ந்து பீடி சுற்றினாள். பேருந்து நிறுத்தத்தில் என்னைக் கண்டால் வணக்கம் சொல்வாள்; நின்று பேச மாட்டாள். மூன்றாண்டும் அப்படித்தான். நானும் நிறுத்திப் பேச முயன்றதில்லை. மன்னிப்பைப் பேசி வாங்க எனக்குத் தெரியும் என்பதாலேயே வாங்கவில்லை.

இளைய ஆசிரியர்களே, நாளை உங்கள் முன் திரை இருக்கும். முகப்பைக் கிழிக்கவோ அரக்கு வைக்கவோ தேவையிராது. குறிப்பு திரையின் ஓரத்தில் எழுதியிருக்கும். அதற்கு முரணாக ஒரு பிள்ளை இரண்டு அம்புகளை வரைந்திருந்தால், மதிப்பெண்ணைத் தட்டுமுன் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். போட்டுப் பாருங்கள். நான்கு நிமிடம் ஆகும். நேரம் பார்த்துத்தான் சொல்கிறேன். அந்தச் சத்திரத்தில் எனக்குப் பேச ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். அதை முழுவதும் பேசித் தீர்த்தேன்.